பிஎச்பிக்குப் பிறகு என்ன படிப்பது என்பது பற்றி மெல்பர்ன் மச்சானுக்கு

கெலிஓயா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்புள்ள ரிஸ்மி மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் ஜஹானாவும் மகள் அஸீமாவும் இறைவன் அருளால் நலம். மழையும் என் முதுகுவலியும் நலமாகவே தொடர்கின்றன. அங்கு நீங்களும் என் தங்கை அகீலாவும் பிள்ளைகளும் இரண்டு கார்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். கார்களைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம், நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய படத்தில் மனிதர்களைவிட அவைதான் தெளிவாகத் தெரிந்தன.

இதை நான் குரல் பதிவாக அனுப்பியிருக்கலாம். ஆனால் என் குரல் பதிவுகளை நீங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக அகீலா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஐம்பது வயது மனிதனின் மனக்குறையை அணில் கத்துவது போலக் கேட்பது முறையா என்று நான் கேட்கவில்லை. எழுத்தை அப்படி ஓடவிட முடியாது என்பதால் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த காப்புறுதி நிறுவனம் கண்டிக் கிளையை மூடி, என்னைவிடக் குறைந்த தகுதியுள்ளவர்களைக் கொழும்புக்கும் என்னை வீட்டுக்கும் அனுப்பியபோது, நீங்கள் தொலைபேசியில் சொன்ன வார்த்தைகள் எனக்கு இன்னும் மனப்பாடம். "மச்சான், கவலப்படாதீங்க. பிஎச்பி படிங்க. ஒலகத்துல ஈக்கிற வெப்சைட்டுல அரைவாசிக்கு மேல அதுலதான் ஓடுது." நான் நம்பினேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, இறப்பர் விலை பற்றி ஆய்வு எழுதியவன், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அந்தக் கணினி மொழியின் டொலர் குறியோடு தொடங்கும் மாறிகளை எல்லாம் ஒன்று விடாமல் கற்றேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அதில் எனக்குத் தெரியாதது இப்போது இல்லை. அந்தச் செய்தியை உங்களுக்கு அறிவித்தபோது நீங்கள் அனுப்பிய பதில் இது: "மாஷா அல்லாஹ் மச்சான். ஆனா இப்ப யாரும் அதுல புதுசா ஒண்டும் தொடங்குறல்ல. அடுத்தது என்ன எண்டு பாருங்க." அதன் பிறகு உங்கள் பெயருக்குக் கீழே இருந்த பச்சைப் புள்ளி மறைந்தது. மனிதனை மரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு ஒஸ்திரேலியாவுக்குப் போவது என்றால் இதுதான்.

உங்களுக்கு இது சிறிய விஷயம். எனக்கு அப்படியில்லை. ஏனென்றால் ஜஹானாவின் கூடப்பிறந்த நாநா ரஸீனை நீங்கள் அறிவீர்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர். இன்று கெலிஓயாவில் கல்யாணங்களுக்குக் கூடாரம், கதிரை, சஹன் எல்லாம் வாடகைக்குக் கொடுத்து, சமைத்தும் அனுப்புகிறார். உங்கள் பிள்ளைகள் இதை வாசித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்: சஹன் என்றால் ஆறு பேர் பாயில் வட்டமாக அமர்ந்து ஒன்றாகக் கைவைத்து உண்ணும் பெரிய தட்டு. மெல்பர்னில் ஆளுக்கொரு அட்டைப் பெட்டியில் சாப்பிடுவதாகக் கேள்வி. ஊரில் எந்தக் கமிட்டியை எடுத்தாலும் ரஸீன்தான் தலைவர். குடும்பத்திலும் அவர்தான் தலைவர் என்பது நான் நிக்காஹ் முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தபடி அவர் என் எதிர்காலத்தைத் தீர்த்துவைத்தார்.

"மச்சான், படிக்கிறத நான் வேணாண்டு செல்ல மாட்டேன். ஹஜ் பெருநாள் வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள அந்தப் பெட்டியால ஒரு தொழில் வந்தா அல்ஹம்துலில்லாஹ். வராட்டி நம்மட கடைக்கி வந்து இரிங்க. கல்யாணம் முடிஞ்சி சஹன் திரும்பி வாறப்ப எண்ணி எடுக்க நம்பிக்கையான ஒரு ஆள் வேணும்."

"அதானே. கதிரையில இருந்து செய்ற வேல," என்றாள் என் மனைவி, என் பக்கம் பாராமல்.

ஆக, மச்சான், எனக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று, பிஎச்பிக்கு அடுத்தது எது என்று சரியாகத் தெரிவுசெய்து ஒரு தொழிலைப் பிடிப்பது. இல்லையென்றால் ரஸீனின் கடையில், அவர் கண் முன்னால், எண்ணெய்ப் பிசுக்குப் போகாத சஹன்களை எண்ணுவது.

வேலை விளம்பரங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பிஎச்பி என்று ஒரு சொல் இருக்கும். அதை அடுத்து 'மற்றும்' என்று வரும். அந்த மற்றும் என்பதன் பின்னால் கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் யானைகள் வருவது போல ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும் பெயர்களை எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. சரி, எதைப் படிப்பது என்று இணையத்தில் தேடினால், அதைப் பற்றி எழுதாதவன் உலகத்தில் இல்லை. எல்லாக் கட்டுரைகளும் ஒரே வசனத்தில் முடிகின்றன: 'இது உங்கள் இலக்கைப் பொறுத்தது.' என் இலக்கு ரஸீனிடம் சஹன் எண்ணாமல் இருப்பது. அந்த இலக்குக்கு எந்த மொழி ஏற்றது என்று ஒருவனும் எழுதவில்லை.

கண்டி நகரில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு மாடியில் யுகேஷ் என்பவர் கணினி வகுப்பு நடத்துகிறார். புசல்லாவைக்காரர், கழுத்தில் டை, வாயில் சிரிப்பு. அவரிடம் போனேன்.

"வாங்க சார், உக்காருங்க. இப்ப என்னென்ன தெரியும்?"

"பிஎச்பி. முழுவதும்."

அவர் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "பரவால்ல சார். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எங்கப்பாகூட டைப்ரைட்டிங் படிச்சவருதான். நீங்க ரியாக்ட் படிங்க. அது தெரிஞ்சிட்டா எங்கயோ போயிருவீங்க."

"எங்கே?"

"அது உங்க கையில இருக்கு சார்."

வீட்டுக்கு வந்து, பேராதனையில் பொறியியல் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். "ரியாக்ட்டா? வாப்பா, அதெல்லாம் இப்ப ஏஐயே எழுதுது. பைதன் படிங்க," என்றாள். பைதனை ஏஐ எழுதாதா என்றேன். "எழுதும். அது இன்னும் நல்லா எழுதும்," என்றாள். இந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடைசியில் பள்ளிவாசல் ஹஸ்ரத் ஒருவரின் யோசனைப்படி இஸ்திகாரா தொழுது, எது நலமோ அதைக் காட்டு என்று கேட்டுப் படுத்தேன். கனவில் ரஸீன் வந்தார். அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ரியாக்ட்டையே பிடித்துக்கொண்டேன். வகுப்பு முடியும் தறுவாயில் யுகேஷ் ஒரு புதுக் குண்டைப் போட்டார். "சும்மா படிச்சா போதாது சார். நிஜமான கஸ்டமர் ஒருத்தருக்கு ஒரு வேல செஞ்சு காட்டணும். அப்பதான் நம்புவாங்க." கஸ்டமருக்கு நான் எங்கே போவேன்? பள்ளிவாசல் வெப்சைட்டை யாரோ ஒருவரின் மருமகன் செய்கிறானாம், அவன் செய்யத் தொடங்கி அவனுக்கே பிள்ளை பிறந்துவிட்டது, இன்னும் செய்கிறானாம். மருந்துக்கடைக்காரர் ஃபேஸ்புக் போதும் என்றார். நான் அலைவதைக் கேள்விப்பட்டு, யாரிடமிருந்து ஒரு உதவியும் வரக்கூடாது என்று நான் தினமும் நினைத்தேனோ அவரே வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், எனக்கு ஒண்டு செஞ்சி தாங்களே. சாப்பாட்டு ஓடருக்கு ஆக்கள் ஃபோன்ல கோல் எடுத்து எடுத்து எண்ட காது தேஞ்சி போச்சி. நல்லா வந்திச்சிண்டா நீங்க கடைக்கி வரவும் வேணாம். நானே நாலு எடத்துல செல்லி வேல எடுத்துத் தாறன்."

என் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் அதிகாரம் என் சிறைக்காவலரிடம். இதைக் கேட்டு நீங்கள் மெல்பர்னில் இருந்து சிரிக்கலாம். நான் ஒப்புக்கொண்டேன்.

வெப்சைட் அழகாக வந்தது. பச்சை நிறம், மேலே பிறை, அழுத்தினால் மெதுவாகத் திறக்கும் பொத்தான்கள். நான் பின்பற்றிய ஆங்கிலக் காணொளியில் ஒரு உணவகத்துக்கு மேசை ஒதுக்கும் பக்கம் செய்து காட்டினார்கள். அதில் இருந்தபடியே நானும் 'விருந்தினர் எத்தனை பேர்?' என்று தெளிவான தமிழில் ஒரு கட்டம் போட்டேன். யாராவது எண்ணை நிரப்பினால் அது, பெயரோடும் திகதியோடும், ரஸீனின் சமையற்காரர் நுஸ்கியின் ஃபோனுக்குப் போகும். இதில் என்ன பிழை? செய்வதற்கு முன் ஒரு முறை நுஸ்கியின் அடுப்படிக்குப் போய் அவர் எப்படி ஓடர் எடுக்கிறார் என்று கேட்டிருக்கலாமே என்று அஸீமா பிறகு சொன்னாள். அந்தக் காணொளியில் யாரும் அடுப்படிக்குப் போகவில்லை.

முதல் ஓடர் அக்குறணையிலிருந்து ஒரு ஹாஜியாரிடமிருந்து வந்தது. மகளின் கல்யாணச் சாப்பாடு, பேராதனையில் ஒரு மண்டபத்தில். கேள்வியை வாசித்து, அதற்குரிய பதிலாக நூற்றைம்பது என்று போட்டார். நூற்றைம்பது என்ற எண் நுஸ்கிக்குப் போனது. நுஸ்கி தன் வாழ்நாளில் மனிதரை எண்ணிச் சமைத்ததில்லை. நம்மவர்கள் யாரும் அப்படிச் சொல்லி ஓடர் கொடுப்பதுமில்லை, முப்பது சஹன், ஐம்பது சஹன் என்றுதான் சொல்வார்கள். ஆகவே நுஸ்கி நூற்றைம்பது சஹன் ஆக்கினார். அதாவது தொள்ளாயிரம் பேருக்கு. இவ்வளவா என்று ரஸீனாவது ஹாஜியாரிடம் கேட்டிருக்க வேண்டாமா? கேட்க மாட்டார். 'இத்தனை பேரையா கூப்பிடுகிறீர்கள்' என்று ஒரு ஹாஜியாரைக் கேட்பதும் 'உமக்கு வசதி காணுமா' என்று கேட்பதும் நம் ஊரில் ஒன்றுதான். தன்னிடமிருந்த சஹன் போதாமல் கம்பளையிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் இரவல் எடுத்து, என் வெப்சைட்டை வாயாரப் புகழ்ந்துகொண்டே வேலையை நடத்தியிருக்கிறார்.

கல்யாணத்தன்று ஞாயிற்றுக்கிழமை, பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஃபோன் அடித்தது.

"மச்சான், எங்க ஈக்கிறீங்க?"

"வீட்டுல."

"ஒருக்கா மண்டபத்துக்கு வாங்களே. ஒங்கட வெப்சைட்ட பாக்கணும்."

"அத வீட்டுல இருந்தே பாக்கலாம் மச்சான்."

"இல்ல. இது நேர்ல வந்து பாக்க வேண்டிய வெப்சைட்."

போனேன். பார்த்தேன். மண்டபத்தின் உள்ளே மூடி போட்ட சஹன், விறாந்தையில் சஹன், வாகனம் நிறுத்தும் இடத்தில் பாய் விரித்துச் சஹன், பின்னால் மதிலோரம்வரை சஹன். உள்ளே ஒரு மூலையில் வந்த விருந்தினர் எல்லோரும், பெண்கள் பகுதி தவிர, சில வட்டங்களாக ஒடுங்கி உட்கார்ந்து, ஏதோ பெரிய ஆபத்து வரப்போகிறது என்பது போல மெல்ல மென்றுகொண்டிருந்தார்கள். ஹாஜியார் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் கண்ணில் படாமல் நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"நாநா, நூத்தம்பது எண்டு வந்திச்சி, நூத்தம்பது ஆக்கினேன்," என்று நுஸ்கி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தலைய எண்ணிச் சோறு போட நான் என்ன ஹோட்டலா நடத்துறன்?"

நான் ரஸீனிடம் உண்மையை விளக்கினேன். "மச்சான், இது ரியாக்ட்டால வந்தது. பிஎச்பியா இருந்தா இப்பிடி நடந்திருக்காது."

"அந்த ரெண்டு பேரையும் பொறகு பாத்துக்குவம்," என்றார் ரஸீன். "இப்ப சோறு ஆறுது."

அதன் பிறகு அந்த மனிதர் செய்ததை நான் வெறுப்போடு பதிவுசெய்கிறேன். ஆறு பேர் நிறையாமல் சஹனின் மூடியைத் திறப்பது அவருக்கு வழக்கமில்லை. ஒருவரைப் பள்ளிவாசலுக்கு ஓட்டினார், ஒருவரைப் பல்கலைக்கழக விடுதிகளுக்கு. தானே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீதியில் இறங்கி நின்று, ஆட்டோக்காரர்களைக் கூப்பிட்டார், நடந்து போனவர்களைக் கூப்பிட்டார், கடைசியில் கையை அகல விரித்துப் புசல்லாவை பஸ்ஸையே நிறுத்தினார். "எறங்குங்க, எறங்குங்க, கலியாண வீடு! மாட்டெறச்சி சாப்புடாத ஆக்களுக்கு கோழி மட்டும் தனியா ஈக்குது, வாங்க!" டிரைவர் முதலில் இறங்கினார். அவர் இறங்கியதால் மற்றவர்களுக்கும் வேறு வழியில்லை. விடுதிப் பையன்கள் மதில் ஏறியும் வந்தார்கள். சஹன்கள் நிறைந்துகொண்டே போயின. கடைசியில் ஒரு சஹனுக்கு ஆள் குறைந்தது. ரஸீன் தூணுக்குப் பின்னால் கைவிட்டு என்னை இழுத்து உட்கார வைத்தார்.

அந்த வட்டத்தில் யார் யார் என்று கேளுங்கள். ரஸீன், ஹாஜியார், பஸ் கண்டக்டர், ஒரு பொறியியல் மாணவன், நான். ஆறாவது ஆள், பஸ்ஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த யுகேஷ். "சார்! நீங்களா? செம சிஸ்டம் சார் இது, யாரு டிசைன் பண்ணது?" என்றார். நான் சோற்றைப் பார்த்தேன்.

"அதத்தான் நானும் கேக்குறன்," என்றார் ஹாஜியார், கையைச் சோற்றில் வைக்காமல். "யாரு இந்தக் கணக்குப் போட்ட?"

மச்சான், என் வாழ்நாளில் ரஸீனுக்குக் கிடைத்த மிகச் சிறந்த சந்தர்ப்பம் அது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படித்த மனிதனை ஒரு விரலால் காட்டினால் போதும். அவர் காட்டவில்லை. "நான்தான் ஹாஜியார், இப்பிடிப் போடச் செல்லிக் குடுத்த. ஒங்கட பேருக்கு இதுவே கொறவு எண்டு நெனச்சேன்," என்றார். சொல்லிக்கொண்டே முழுக் கோழியைப் பிய்த்து, அதன் காலை எடுத்து என் பக்கத்துச் சோற்றில் வைத்தார். ஒரே தட்டில் கைவைத்து உண்ணும்போது ஒருவன் உனக்கு நல்ல துண்டாகப் பார்த்து ஒதுக்கித் தருகிறான் என்றால் அதை நீ எங்கே தள்ளுவாய்? அடுத்த பக்கம் யுகேஷ். பகையை எவ்வளவு காலமும் தாங்கலாம். அந்தக் கோழிக்காலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போது பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, ரத்தினம்மா என்று கண்டக்டர் சொன்னார், புசல்லாவைத் தோட்டத்துக்காரர், கை கழுவிவிட்டுப் போகும் வழியில் வாசலில் நின்று உரத்துச் சொன்னார்: "யாரு வீட்டுக் கல்யாணமோ, அந்தப் புள்ள நூறு வருசம் நல்லா இருக்கணும் சாமி. ரோட்டுல போறவங்களையும் கூப்பிட்டுச் சோறு போட்டாங்களே." விடுதிப் பையன்கள் கைதட்டினார்கள். ஹாஜியார் தலையை நிமிர்த்தி மண்டபத்தை ஒரு முறை முழுதாகப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கண்டேன்.

"நுஸ்கி," என்றார். "அந்தக் கோடியில ஏன் இன்னம் இனிப்புக்கு வட்டிலப்பம் போகல்ல?"

அதோடு சரி. சாப்பாட்டுச் செலவு முழுவதற்கும் அவரே பொறுப்பேற்றுக்கொண்டார். அப்படி ஒரு கல்யாணம் நடந்ததேயில்லை என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். அக்குறணையில் அவரோடு பேசாத இன்னொரு ஹாஜியார், தன் மகன் கல்யாணத்துக்கும் அதே வெப்சைட்டில்தான் போடுவேன் என்று நிற்கிறார். நான் இரவு பகலாக உட்கார்ந்து பிழையைத் திருத்திவிட்டேன் என்று சொன்னபோது ரஸீன் பதறிப்போனார். "என்ன வேல செஞ்சீங்க மச்சான்! அத பழையபடி உடுங்க. ஆக்கள் அதுக்குத்தானே வாறாங்க." ஒரு பல்கலைக்கழகப் பட்டதாரி செய்த ஒரே பிழை அவனுடைய ஒரே புகழாக மாறியிருக்கும் இந்த ஊரில் மொழி என்ன, எதைப் படித்தால் என்ன?

நேற்று ரஸீன் ஒரு சட்டி வட்டிலப்பத்தோடு வீட்டுக்கு வந்தார். சஹன் எண்ணத் தேவையில்லையாம், கடையில் ஓடர் பக்கம் முழுவதையும் நான் பார்த்துக்கொண்டால் போதுமாம். ஜஹானா தேத்தண்ணி ஊற்றுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் மடிக்கணினியை மூடினேன். "எனக்கு வெளிநாட்டிலிருந்தே அழைப்புகள் ஈக்குது மச்சான், யோசிக்கணும்," என்றேன். அவர் வட்டிலப்பச் சட்டியை வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே, மச்சான், இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். அந்தக் கடைப் படியை நான் மிதிப்பதில்லை. இது முடிந்த முடிவு. ஹஜ் பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்கள் அங்கிருந்து வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலையை எனக்குப் பார்த்துத் தர வேண்டும். அதற்கு எந்த மொழி வேண்டுமென்றாலும் படிக்கத் தயார். ஆனால் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். இலக்கைப் பொறுத்தது என்று மட்டும் எழுதினால், தங்கையின் கணவர் என்றும் பாராமல் பதில் எழுதுவேன்.

அகீலாவுக்கு என் ஸலாம். அவளுக்குக் குளிர் ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் மாமாவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குத் தமிழையும் கொடுப்பானாக. உங்கள் தொழிலில் பரக்கத் உண்டாகட்டும், அதில் சிறிது இந்தப் பக்கமும் சிந்தட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
எம். ஹபீல், பீ.ஏ., பேராதனை.

பி.கு.: வீட்டில் இணைய இணைப்பு அறுந்துவிட்டதால் இந்தக் கடிதத்தை அனுப்ப நாலைந்து நாள் சுணங்கிவிட்டது. ரஸீனின் கடையில் இணைப்பு நல்ல வேகம் என்பதால் அங்கிருந்து அனுப்புகிறேன். அனுப்புவதற்காக மட்டும்தான் வந்தேன், திங்கட்கிழமையிலிருந்து. மின்விசிறிக்குக் கீழே ஒரு சுழல் கதிரை போட்டுத் தந்திருக்கிறார்கள், முதுகுவலிக்கு ஆறுதலாக இருக்கிறது, மேசை லாச்சிக்குச் சாவியும் தந்திருக்கிறார்கள். ஆகவே வேலை தேடுவதை விட்டுவிடுங்கள். வேறொரு காரியம் அவசரம். ரஸீனின் மகளுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். பையன் மெல்பர்னில் கணினி படித்தவனாம், உங்கள் பள்ளிவாசலுக்குத்தான் தொழ வருவானாம், கல்யாணத்துக்குப் பிறகு மாமனாரின் கடையைக் கவனிக்கும் யோசனையும் இருக்கிறதாம். அவனுக்கு என்னென்ன மொழி தெரியும் என்று மெதுவாக விசாரித்து உடனே எழுதுங்கள். நான் அடுத்ததாகப் படிக்கப்போவது அதைத்தான்.